காற்றுச் சட்டை போட்டுக்கொண்டவர்

அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. சீப்பு மட்டும் நினைவிருக்கிறது.

1991இல் கடலுக்கடியில் நீந்தும் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அதற்கு ஒரு காற்றுச் சட்டை வேண்டும். காற்றை ஏற்றினால் மிதக்க வைக்கும், இறக்கினால் மூழ்க விடும். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் பழைய கப்பல் சாமான் விற்ற கடையில் இரண்டு தொங்கின. காற்றை நிரப்பியும் மூச்சுவிட முடிகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருந்தார்கள். சின்னதை மாட்டிக்கொண்டு ஊதினேன். ஊதிய பிறகுதான் தெரிந்தது, காற்றை இறக்கும் பொத்தான் உப்பேறி இறுகிக் கிடந்தது. கொக்கியும் கழலவில்லை. கடைக்காரர் ஸ்க்ரூடிரைவர் தேடி உள்ளே போனார்.

வாசலில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"சார், கடல் எந்தப் பக்கம் கீது?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அந்தக் கூட்டத்தில் ஓயாமல் தலை வாரிக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். இன்னொரு காற்றுச் சட்டையை எடுத்து மாட்டி, கன்னம் உப்ப ஊதி, என் பக்கத்தில் நின்றுகொண்டார். சிரிப்பு இரண்டு மடங்கானது.

"உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றேன்.

"அவனுங்க இப்ப என்னப் பாத்துதான் சிரிக்கிறானுங்க சார். நீங்க இன்னாத்துக்கு வெக்கப்பட்றீங்க?"

பஸ் வந்தது. காற்றுச் சட்டையைக் கழற்றிவிட்டு, அவசரமாக ஒருமுறை தலை வாரிக்கொண்டு ஓடி ஏறினார். சிரிப்பும் அவரோடு பஸ் ஏறியது.

என் வெட்கம் இன்னும் அதிகமாயிற்று. என்னை அவர்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை. அவர் நாளைக்கும் அதே பஸ்ஸில் போக வேண்டும்.