‘சுகமாச்சு’ என்று சொன்ன வாய்

முதலில் வந்தது இருமல்தான். மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏணி சாத்தி ஏறிய என் கணவர் தாவீது, பாதியிலேயே நின்று இருமினார். மலைக் குளிர் என்று நினைத்தோம். எச்சிலில் ரத்தம் கண்ட பிறகுதான் பஸ் ஏறி மலையை விட்டு இறங்கினோம்.

ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை (இருமித் துப்பும் சளியில் கிருமி தேடுவது) செய்து, காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை. ஒருநாளும் விடக் கூடாது என்று டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊர். ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து ஊர் நோம்பியில் (சாமி திருவிழாவில்) எங்களுக்கு இடமில்லை. சண்டை ஒன்றும் இல்லை, பேச்சு குறைந்துபோயிற்று. பங்காளி, மாமன் மச்சான் எல்லாமே எங்களுக்குத் தகரக் கூரை போட்ட சபைதான். அவர் படுத்தபோது எங்கள் மரவள்ளிக் காட்டில் களை வெட்டியதும் சபையார்தான். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் அநியாயம்.

சில வாரங்களில் இருமல் அடங்கியது. ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்லும் சாட்சி நேரத்தில், அவர் எழுந்தார்.

"கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்துட்டாருங்க. சுகமாச்சுங்க."

கூரை அதிரக் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், அழுதுகொண்டே.

மறுநாள் காலை மாத்திரையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சுகமாச்சுன்னு சபையில சொல்லிப்போட்டேன். இனி இதைத் தின்னா அந்தச் சாட்சி பொய்யாயிரும் புள்ள."

நிறுத்து என்று போதகர் சொல்லவில்லை, வேதம் சொல்லவில்லை. ஒரு ‘ஆச்சு’ சொல்லிற்று. கெஞ்சினேன், திட்டினேன். சாதுவான மனுஷன், அதில் மட்டும் உடும்புப் பிடி.

மழை முடியுமுன் இருமல் திரும்பியது. அவர் சபைக்கு வருவதை விட்டார். அங்கே இருமினால் கர்த்தர் பேர் கெட்டுவிடுமாம். துண்டை வாயில் பொத்திப் படுத்திருந்தார். துண்டில் சிவப்பு. எனக்குக் கோபமா பயமா தெரியவில்லை. சபை போனால் எங்களுக்கு யார், இவர் போனால் எனக்கு யார்?

அந்த ஞாயிறு நான் தனியாகப் போய், சாட்சி நேரத்தில் எழுந்தேன்.

"எங்க ஊட்டுக்காரரு சாகப் பொழைக்கக் கெடக்குறாருங்க. சாட்சி பொய்யாயிரும்னு மாத்திரைய நிறுத்திப்போட்டாரு."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் முழுச் சபையும் எங்கள் வாசலுக்கு வந்தது. பரவுமே என்று தடுத்தேன். வாயில் துணி கட்டிக்கொண்டு, வெட்டவெளியில் தள்ளி உட்கார்ந்தார்கள்.

உள்ளே படுத்திருந்த அவரை நோக்கிப் போதகர் சொன்னார். "கை தட்டுனமே, மாத்திரை போடுறியான்னு ஒருத்தரும் கேக்கலையே சாமி. கர்த்தர் பேரை நீ காப்பாத்த வேண்டாம், அதை அவரு பாத்துக்குவாரு. நீ மாத்திரையப் போடு."

ஆஸ்பத்திரிக்குப் போதகரே கூட வந்தார். மருந்து எதிர்ப்பு (கிருமி மருந்துக்கு மசியாமல் போவது) வந்திருக்குமோ என்று டாக்டரம்மா மறுபடி சோதிக்கச் சொன்னார். முடிவு வரும்வரை நான் தின்றது சோறா மண்ணா, தெரியாது.

"மருந்து கேக்கும். ஆனா முதல்லருந்து ஆரம்பிக்கணும். நுரையீரல்ல தழும்பான இடம் பழையபடி ஆகாதும்மா" என்றார்.

இப்போது தினமும் காலையில் சபையிலிருந்து யாராவது வந்து, அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். தலைவாரக்கூட விடுவதில்லை என்று எனக்கு எரிச்சல் வரும். ஒருவர் வரத் தாமதித்தால் வாசலை எட்டி எட்டிப் பார்ப்பதும் நான்தான். இதே நோயோடு இருப்பவர்களே, உங்களுக்கென்று ஒரு சபை இருந்தால் அதை விடாதீர்கள். அதனிடம் இருமலை மறைக்கவும் வேண்டாம்.

ஏணி சுவரோரம் கிடக்கிறது. கொஞ்சம் நடந்தாலே அவர் நின்றுவிடுகிறார். போன ஞாயிறு, சாட்சி நேரத்தில், ஜன்னலைப் பிடித்தபடி எழுந்தார். பழைய சொல் அவர் வாய்வரை வந்ததைப் பார்த்தேன்.

"சுகமாயிட்டு இருக்குதுங்க" என்றார், மூச்சு வாங்க.

யாரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனுங்க."

அதற்குப் பிறகுதான் அல்லேலூயா சொன்னார்கள்.