அகதா போட்ட எட்டுப் பாத்தி

மலேசியாவின் செமோரில் ஓர் அடுக்குமாடிப் பிளாட்டுக்குப் பின்னால் அறுபது அடி நீளம், முப்பது அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. லாலாங் புல்லும் யாரோ வீசிய சோபாவும் தவிர அங்கே எதுவும் கிடையாது. அதில் காய்கறி போடலாம் என்று நகராண்மைக் கழகம் அனுமதி கொடுத்ததும் பிளாட்டில் பாதிப் பேருக்குக் கை பரபரத்தது. பெரும்பாலோர் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பாலுக்காக மரம் வெட்டி, தோட்டம் மூடியதும் டவுனுக்கு வந்தவர்கள்.

அகதாவுக்கும் பரபரத்தது. அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருஷம் பால்மரம் வெட்டி, அப்புறம் பள்ளிக்கூடத்தில் கிளீனர் வேலை பார்த்தவள். இனிப்பு நீர் வியாதி அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் டேரன் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சக்கர நாற்காலி அவன் வாங்கிக் கொடுத்தது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் சதாசிவம், முன்னாள் பஸ் டிரைவர், மணிலா அட்டையில் பிளான் போட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒன்பது பாத்தி. ஒவ்வொன்றும் ஐந்தடி அகலம், முக்காலடி உயரம், நடுவே ஒன்றரை அடிப் பாதை.

"அண்ணே, இதுல என் பாத்தி எது?" என்று அகதா கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா கஷ்டம்? நாங்க போடுறோம். காய் வந்தா மொத கட்டு உன் வீட்டுக்குத்தான்லா."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. இரண்டு வருஷமாக எல்லாமே வீட்டுக்கு வந்தது: அரிசி வந்தது, மருந்து வந்தது, ஞாயிற்றுக்கிழமை நன்மை அப்பம்கூட மாதா கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தது. வாங்கி வாங்கி நன்றி சொல்லியே அவளுக்கு வாய் புளித்துவிட்டது.

"எனக்குக் காய் வேணாம் அண்ணே. பாத்தி வேணும். நானே கொத்தணும், நானே பறிக்கணும். பிளான நான் போட்டுத் தாரேன்."

"சனிக்கிழமை கல் லோரி வந்துரும்மா. அதுக்கு மேல மாத்த முடியாது."

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாங்க."

முதலில் அவள் தன்னைத்தான் அளந்தாள். நாற்காலியில் பக்கவாட்டில் திரும்பிக் கையை நீட்டினால் விரல்நுனி இரண்டடி எட்டியது. அப்படியென்றால், இரண்டு பக்கமிருந்தும் கை போக, பாத்தி மூன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. சிமெண்டுக் கல்லை மூன்று வரிசை அடுக்கினால் இரண்டடி உயரம். குனியாமல் மண்ணைத் தொடலாம். நாற்காலி போக மூன்றடிப் பாதை. பிறகு மூன்று நாள் சமையலறை ஜன்னலை விட்டு நகராமல், கட்டடத்தின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று மளிகைக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்தாள். நிழல் ஓரத்தில் கீரை, நல்ல வெயிலில் வெண்டையும் கத்தரியும். கணக்குப் பார்த்தால் முன்னாலிருந்து பின்வேலி வரைக்கும் நாலு நீளப் பாத்தி கச்சிதமாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை நிலத்தில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னாள். சின்ன வயதில், தோட்டத்தில் புதுக் கன்று நடும்போது முடிச்சுப் போட்ட கயிறு பிடித்து நிரை அடித்தவள் அவள். கோடு இம்மி விலகினாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும். சங்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டாவது பாதையின் இரண்டு பக்கமும் நெருக்கி அடுக்கவைத்தாள்.

"இதெல்லாம் கல்லுன்னு வச்சுக்குங்க. யாரும் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டு, இருபது பேர் பார்க்கச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ராணி மாதிரி உள்ளே போனாள்.

வேலி வந்தது. அங்கேயே நின்றுபோனாள்.

பால்மரம் வெட்டுகிறவர்கள் ஒரு நிரையில் ஏறி, அந்தக் கோடியில் வெளியே வந்து, அடுத்த நிரையில் இறங்குவார்கள். நிரைக்கு நடுவில் திரும்புவது என்பதே கிடையாது. அகதாவின் தலை அந்தப் பழக்கத்திலேயே பிளான் போட்டுவிட்டது. இங்கே கோடியில் வேலி. மூன்றடிப் பாதையில் சக்கர நாற்காலி திரும்பாது.

சதாசிவம் போய் அவளைப் பின்பக்கமாகவே இழுத்து வந்தார். வழியெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள் சரிந்தன. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"விடும்மா. பழைய பிளானே போட்டுக்குவோம்," என்றார் சதாசிவம்.

"அரை மணி நேரம் குடுங்க அண்ணே."

சுண்ணாம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புரோஸைக் கூப்பிட்டாள். ஆம்புரோஸ் அவளோடு ஒரே தோட்டத்தில் மரம் வெட்டியவர். எதற்கும் இரண்டு குறை சொல்லாமல் வேலையில் இறங்க மாட்டார்.

"நடுவுல ஆறடி அழிங்க அண்ணே. வேலிகிட்டயும் ஆறடி விடுங்க. நாலு பாத்தி எட்டாயிரும்."

"பன்னெண்டு அடி சும்மா போகுதே அகதா. அவ்வளவு எடத்துல எத்தனை செடி வைக்கலாம்?"

அகதா ஒரு காய்ந்த இலையை எடுத்து, பழைய பிளானின் ஐந்தடிப் பாத்தியை அளந்து கோடு போட்டு, அதன் நட்டநடுவில் தரையில் போட்டாள்.

"இது களை. கோட்டுக்கு வெளிய நின்னு புடுங்குங்க."

ஆம்புரோஸ் குனிந்தார். முழங்கால் மளுக்கென்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏசுவே," என்று அங்கேயே நின்றுவிட்டார். இதென்ன பெரிய விஷயம் என்று சதாசிவம் வந்து குந்தினார். இலை கைக்கு வந்தது, ஆனால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். இப்போது எல்லாரும் சிரித்தார்கள், சதாசிவமும் சேர்ந்து. அங்கே நின்றவர்களில் அறுபதைத் தாண்டாதவர் நாலு பேர்கூட இல்லை. பெரும்பாலோர் காலமெல்லாம் மரத்தடியில் குனிந்து முதுகைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

"நான் எனக்குன்னு மட்டும் போடல," என்றாள் அகதா. "ரெண்டடி ஒசரத்துல கல்லு மேல உக்காந்துக்கிட்டே களை எடுக்கலாம். வயசு யாருக்கும் கொறையப் போறதில்லலா."

ஆம்புரோஸ் முனகிக்கொண்டே நடுவில் ஆறடியை அழித்தார். நாற்காலிகளைப் புதுக் கோட்டில் அடுக்கினார்கள். அகதா மறுபடியும் உள்ளே போனாள். நடுவில் திரும்பி அடுத்த பாதை, அதில் வேலிவரை போய், அங்கே லாவகமாக ஒரு வட்டம், அதற்கடுத்த பாதையில் வெளியே. ஒரு நாற்காலிகூட அசையவில்லை. அவள் முதுகுப்பக்கம் ஒரு கைகூட வரவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் வந்து நின்றாள்.

சதாசிவம் மணிலா அட்டையை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் கல்ல எங்க எறக்கணும்னு நீயே லோரிக்காரன்கிட்ட சொல்லிரும்மா," என்றார்.

சொன்னாள், அதட்டியே சொன்னாள். மூன்று சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து வேலை பார்த்ததில் எட்டுப் பாத்தியும் எழுந்து நின்றன. வேலியோரப் பாத்தி ஒன்று அகதாவுக்கு. கொத்தியது அவள், சாணி எரு கலந்தது அவள், விதைத்தது அவள். விதைத்த இருபத்தைந்தாம் நாள் தண்டுக்கீரை முழங்கை உயரம் நின்றது.

அன்று காலை தனியாகப் போய்க் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். கமுந்திங்கிலிருந்து புதிதாகக் குடிவந்த சரளா என்ற பெண் துணி காயப்போட வந்தவள், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஏன் சிரமம்? நவருங்க, நான் பறிச்சுத் தாரேன்."

அகதா மண் படிந்த கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள், வரவில்லை.

"உன் வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நாலு பேருக்கா."

"அப்ப ரெண்டு கட்டு போதும். அப்படி உக்காரு, பறிச்சுத் தாரேன்."