கௌரியின் இடியப்பமும் மாநில அரசும்

கௌரியை யாராலும் அசைக்க முடியாது என்று சுவிட்சர்லாந்தில் எங்கள் ஊரான லாங்கன்தால் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஜெயகௌரி என் மனைவியின் தங்கை. பதினெட்டு வருடம் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவள். 2013இல் அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். கூட வேலை செய்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்க, இவள் வீட்டில் இடியப்பம் அவித்து, உறைய வைத்து, சூரிச்சில் உள்ள தமிழ்க் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கினாள். கோதுமை ஒத்துக்கொள்ளாத சுவிஸ்காரர்களும் தேடி வந்து வாங்கினார்கள். ஒரு வருடத்தில் வீட்டு அடுப்படி போதாமல் போய்விட்டது.

அப்போதுதான் மாநில அரசு உருப்படியாக ஒரு காரியம் செய்தது. மூடிக் கிடந்த அதே தொழிற்சாலையை அறை அறையாகத் தடுத்து, சமையல்கூடமும் குளிர் அறையும் போட்டு, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு வருடம் அரை வாடகைக்குத் தருவதாக அறிவித்தது. இந்த ஊர் ஆட்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கடைசியாக ஒரேயொரு சமையல்கூடம் மிஞ்சியிருந்தது. அது இல்லாவிட்டால் கௌரி தொழிலையே விட வேண்டியதுதான். விண்ணப்பம் போட்டாள்.

"அத்தான், அரசாங்கத்தில இருந்து பார்க்க வருகினமாம்! வியாழக்கிழமை பத்து மணிக்கு!" என்று அவள் தொலைபேசியில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் கூப்பிடவே தேவையில்லை, காய் வெட்டக் கத்தியோடு வந்து நிற்பார்கள். வியாழன் காலையும் அப்படித்தான். கௌரி அப்போதைக்கு இடியப்பம் அவித்துவந்த தமிழ்ச் சங்க மண்டபத்தின் சமையலறையில் பதினொரு பேர் கூடிவிட்டோம். மாவு குழைப்பவர்கள், பிழிபவர்கள், அதிகாரம் பண்ணுபவர்கள் என்று ஒரே அமளி. நான் சம்பலுக்குத் தேங்காய் திருவினேன். கல்யாண வீடே தோற்றுவிடும்!

பத்து அடிக்க அதிகாரி திருமதி கெர்பர் உள்ளே வந்தார். எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். முகம் மாறிவிட்டது.

"வேலை செய்பவர் ஒருவர் என்றுதானே விண்ணப்பத்தில் இருக்கிறது? இவர்களெல்லாம் யார்? பதிவு செய்திருக்கிறீர்களா?"

கௌரியின் மகள் கோபிஷா தாயின் காதில், "அம்மா, பதியாமல் கள்ள வேலை வாங்கிறம் எண்டு நினைக்கிறா" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று, "நாங்கள் ஒவ்வொரு கிழமையும் இப்படித்தான் வருவோம், காசே வாங்க மாட்டோம்!" என்று ஜெர்மனில் அளந்துவிட்டேன். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"அத்தான், சும்மா இருங்கோ!"

கௌரி இடியப்பம் பிழியும் உரலைக் கீழே வைத்தாள். தனக்குத் தெரிந்த ஜெர்மனில் நேராகப் பேசினாள். "இவர் சொன்னது பொய். நீங்கள் வருவதால் இன்றைக்கு மட்டும் வந்திருக்கிறார்கள். நான் கூப்பிடவில்லை, இது எங்கள் பழக்கம். இதில் ஆறு பேர் என்னோடு அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். இன்னும் வேலை இல்லை. இடம் கிடைத்தால் சம்பளம் கொடுத்து இவர்களைத்தான் எடுப்பேன். சும்மா ஒருவரையும் வேலை வாங்க மாட்டேன்."

திருமதி கெர்பர் எங்கள் பக்கம் திரும்பினார். "யாருக்கு வேலை வேண்டும்?"

மாவு அப்பிய ஆறு கைகள் உயர்ந்தன. உணர்ச்சிவசப்பட்டு நானும் தூக்கினேன். மனைவி இழுத்து இறக்கினாள்.

"இதை ஏன் எழுதவில்லை? இந்த ஆறு பேருக்காகத்தானே அரசாங்கம் அந்த இடத்தையே கட்டியது!" என்றார் அதிகாரி. அதே மேசையில் வைத்துப் புது விண்ணப்பம் நிரப்ப வைத்தார்.

மூன்று கிழமையில் சாவி வந்தது. சந்தோஷத்தில் நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

திறந்த அன்று காலை, ஆறு பேரும் வேலை ஒப்பந்தங்களில் கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நானும் எங்கள் பழக்கப்படி சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போனேன். கௌரி வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

"மன்னியுங்கோ அத்தான். சம்பளம் இல்லாத ஒருத்தரும் இதுக்குள்ள வேலை செய்யேலாது."