என் புண்ணும் சகலையின் புண்ணும்

என் மனைவியின் தங்கை கணவன், அதாவது என் சகலை, கடலில் கயாக் போட்டிக்குப் போனான். ஒற்றை ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. தூத்துக்குடியில் ஏறியவன் ஒன்றரை நாள் கழித்து உவரியில் இறங்கினான். எத்தனையாவதாக வந்தான் என்று விசாரித்தேன். கடைசிக்கு முந்தின ஆளாம். மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அதெல்லாம் மறுநாள் பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டுக்குள் நுழைகிறவரைதான். வீடெல்லாம் சொதி மணம். கல்யாணத்துக்கு மறுநாள் புது மாப்பிள்ளைக்கென்று எங்கள் பக்கம் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு. எனக்கென்று வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

கூடத்தில், மூத்த மாப்பிள்ளை நான் வழக்கமாக உட்காரும் சோபாவில், சகலை குப்புறக் கிடந்தான். உப்புத் தண்ணீரில் ஊறி, உட்காருகிற இடத்தில் தோல் உரிந்துவிட்டதாம். கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை, மீதி முகம் கருவாடு. விரல்கள் துடுப்பைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றன. காபி டம்ளரை ஒழுங்காகத்தான் பிடித்தான், விடத்தான் முடியவில்லை. கொழுந்தியாள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து டம்ளரை மீட்டாள். எழுந்து நின்றால், "தர ஆடுது, தர ஆடுது" என்று சுவரைப் பிடித்தான். வீடே சிரித்தது, வீடே உருகியது. எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் எரியாது? போன ஆவணியில் எனக்கு மூலத்துக்கு ஆபரேஷன். அதே இடம்தான். மூன்று வாரம் உட்கார முடியாமல் கிடந்தேன். "வெளிய சொல்லாதீய, அசிங்கம்" என்று மனைவி எல்லோரிடமும் வயிற்றுவலி என்று சொல்லிவைத்தாள். அத்தை ஒரு பாட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்தனுப்பியதோடு சரி.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். சகலையால் உட்காரவும் முடியவில்லை, நின்று சாப்பிடவும் முடியவில்லை.

"மருமவன் பட்டினியாக் கெடக்காவளே" என்று அத்தை கண்ணைத் துடைத்தார்.

என் மனைவிக்கு இரக்கம் பொங்கிவிட்டது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய், நான் பீரோவுக்கு மேல் ஒளித்து வைத்திருந்த காற்றடைத்த வளையத்தை எடுத்து வந்தாள்.

"இவியளுக்கு மூல ஆபரேசன் பண்ணப்ப வாங்குனது" என்றாள், எல்லோர் முன்னாலும்.

"அப்ப அந்த வயித்துவலி?" என்றார் அத்தை. கொழுந்தியாள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருந்த கொஞ்ச மரியாதையும் போச்சு என்று நினைத்தேன்.

சகலை பைய வளையத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டான்.

"அண்ணாச்சி, இதுல எத்தன நாளு இருந்திய?"

"மூணு வாரம்."

"நான் ஒன்னர நாளுக்கே இந்தப் பாடு படுதேன். நீங்கதான் பெரிய ஆளு."

கேலியில்லை, மனதாரத்தான் சொன்னான். பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நிமிர்ந்து உட்கார்ந்து, இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அத்தையைப் பார்த்தேன்.

"எவ்வளவு நல்ல மனசு பாரு!" என்ற அத்தை, அடுத்த கரண்டிச் சொதியை அவன் இலையில் ஊற்றினார்.