சாலமன் வாய் வைத்த பாத்திரம்

இன்றைக்கு நான் சந்தித்தது தனம் அக்காவை! மேற்குத் தாம்பரத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் தனம் அக்கா. நான் வாங்கிய சங்கரா மீனை வெட்டிக்கொண்டே அக்கா சொன்ன கதை இது. மீனைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து டைப் செய்கிறேன். கொஞ்சம் அருவருப்பான கதைதான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மீன் குடலும் செவுளும் தனத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குக் குமட்டுவது ஒரே ஒரு ஆளைப் பார்த்தால்தான். அவள் கொழுந்தன் சாலமன். தனத்தின் புருஷன் செத்துப்போன பிறகும் அவன் தம்பி அதே வீட்டில், பீர்க்கன்கரணையில், அவள் சோற்றையே தின்றுகொண்டு கிடந்தான். பெயிண்டர் வேலை. குடிக்காத நாட்களில் மட்டும்.

குடித்த நாட்களில் வாசற்படியில் வாந்தி எடுத்து, அதிலேயே கன்னத்தை வைத்துத் தூங்குவான். விடிந்ததும் தாடியில் காய்ந்த சோற்றுப்பருக்கையில் எறும்பு மொய்க்கும். கடைவாயில் ஆறாத வெள்ளைப் புண். பீடிக் கறை படிந்த பல். இந்த வாயோடுதான் அவன் மாதாமாதம் முதல் ஞாயிறு சபைக்கு வந்து, பாவ அறிக்கை ஜெபத்தில் தேம்பித் தேம்பி அழுவான். மறுநாளே குடிப்பான். அழுகையும் நாற்றமும் ஒரே வாயிலிருந்து வருவதைத்தான் தனத்தால் சகிக்க முடியவில்லை.

அவர்கள் சபையில் முதல் ஞாயிறு திருவிருந்தில் திராட்சை ரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம். பலிபீடத்தின் முன் வரிசையாக முழங்கால்படியிடுவார்கள். சபையை நடத்தும் ஆயர் ஈவ்லின் அம்மா ஒவ்வொருவர் வாயிலும் பாத்திரத்தை வைத்து, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பார். தனம் போய் முட்டி போட்டால் போதும், சாலமன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வான். அவனோடு வரிசை முடிந்துவிடும். அவனுக்கு முன்னாலேயே தான் குடித்துவிடுவதால் அவள் தப்பித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அவள் பொறுமை அறுந்தது. திருவிருந்துக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை பக்கெட்டில் ஊறப்போட்டிருந்தாள். சாலமன் அதற்குள் வாந்தி எடுத்து வைத்தான். புளித்த வாடை வீடெல்லாம். தனம் நேராக ஆயர் வீட்டுக்கு நடந்தாள்.

"அவனுக்கு பாத்திரம் குடுக்காதீங்கம்மா. எம் புருஷன் தம்பிதான், நானே சொல்றேன். அந்த வாய்ல போயி அத்த வெக்கலாமா?"

"நாளைக்கு வரட்டும் தனம், பாக்கலாம்" என்றார் ஈவ்லின் அம்மா. அவ்வளவுதான்.

ஞாயிறு தனம் வேறு சேலை தேடிக் கட்டிக்கொண்டு போவதற்குள் நேரமாகிவிட்டது. வரிசைக் கடைசியில் சாலமன் முன்பே முட்டி போட்டிருந்தான். அவனுக்கு அந்தப்பக்கம், அவன் குடித்த பிறகு பாத்திரம் வரும் இடம் மட்டும்தான் மிச்சம்.

பாத்திரம் வந்தது. ஈவ்லின் அம்மா அவனை ஒதுக்கவில்லை. பாத்திரத்தைப் பிடித்து அவன் குடித்தான். உதட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே எச்சில் நூலாக நீண்டு அறுந்தது. துணி துடைத்தது, பாத்திரம் திரும்பியது, தனத்தின் முகத்துக்கு நேரே வந்தது. ரசத்தில் ஊறிய அப்பத் துணுக்கு ஒன்று மிதந்தது. அது யார் வாயிலிருந்து விழுந்தது? தனம் பல்லைக் கடித்து உதட்டை மூடிக்கொண்டாள்.

ஈவ்லின் அம்மா காத்திருந்தார். சபை முழுக்கப் பார்த்தது. அவர் இன்னும் காத்திருந்தார். தனம் தலையை ஆட்டினாள். பாத்திரம் போய்விட்டது.

ஆராதனை முடிந்து பாத்திரம் கழுவும் முறை அன்று தனத்துடையது. உள்ளறையில் நுழைந்தபோது ஈவ்லின் அம்மா மிச்ச ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் ஊற்றி, அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்தார்.

"அய்யோ, அதுல அவன் எச்சி கீதும்மா!"

"எல்லார் எச்சியும் இருக்கு. இன்னைக்கு உன்னோடது மட்டும்தான் இல்ல."

"கொமட்டல உங்களுக்கு?"

"குமட்டாம? ஒவ்வொரு மாசமும் குமட்டுது. ஜெபிச்சுக் குடுத்த ரசம், கீழ கொட்டக் கூடாது, யாராவது முழுங்கித்தானே ஆகணும்? மூச்சப் பிடிச்சுக்குவேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "நமக்கே இப்படின்னா, ஆண்டவருக்கு நம்மளப் பாத்து எவ்வளவு குமட்டும்னு நெனச்சுப்பேன். துப்பாம வச்சிருக்காரே!"

தனம் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தாள். குழாயடியில் சாலமன் குந்திக்கொண்டு அந்த வெள்ளைச் சேலைக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"கைய எட்றா அதும்மேல! மாசாமாசம் எம் பக்கத்துலயே வந்து ஒட்றியே, ஒனக்கு வேற எடமே கெடிக்கலியா?"

சாலமன் சிரித்தான். "இன்னா அண்ணி இப்டி கேக்குற? ஒம் பக்கத்துலதான எப்பவும் எடம் காலியா கீது."

"இன்னாடா சொல்ற?"

"கைல எலுமிச்சம்பழம் தேச்சிக்கினு வந்தா மீன் கவுச்சி பூடுமா? நீ குடிச்சதுக்கு அப்பறம் எவளும் வாய் வெக்க மாட்டாளுங்க. ஒனக்கு முன்னாடியே போயி குந்திக்குவாளுங்க. நீ திரும்பிப் பாத்து பக்கத்துல யாரும் இல்லன்னா பேஜாராயிடுவியேன்னுதான் நா வந்து குந்திக்கிறேன்."

தனம் தன் கையை மூக்கருகே கொண்டுபோனாள். நகக்கண்ணில் செதில். எத்தனை வருஷமாகத் தன் பின்னால் ஆட்கள் மூக்கைச் சுளித்திருக்கிறார்கள்! தன்மேலேயே அவளுக்கு ஓங்கரித்தது. பக்கெட்டின் மறுபக்கம் உட்கார்ந்து சேலையின் இன்னொரு முனையைப் பிடித்துப் பிழிந்தாள். மஞ்சள் கறை போகவே இல்லை.

சாலமன் திருந்தினானா என்று கேட்காதீர்கள். மறுநாளே குடித்தான். இந்த மாதம் முதல் ஞாயிறும் நாறிக்கொண்டுதான் வந்தான். கறை படிந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு தனம் அவனை முன்னால் தள்ளிவிட்டு, அவனுக்கு அந்தப்பக்கம் முட்டி போட்டாள். பாத்திரம் வந்தது. தொண்டை வரை குமட்டிக்கொண்டு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு இதை அனுப்புங்கள். அக்காவிடம் போய் மீன் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு காலையில் மட்டும் இருக்க மாட்டார். வெட்டிய கையோடு டீ நீட்டினால், அந்த கிளாஸைத் துடைக்காமல் வாங்கிக் குடியுங்கள்.