பச்சைப் பூண்டு

பூண்டு நாற்றம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பூண்டு விளையும் எங்கள் ஊர் பூம்பாறையில் நாங்கள் அதை வாசனை என்றுதான் சொல்வோம். ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நான் உள்ளே நுழைந்தாலே அங்கிருந்தவர்கள் மூக்கைப் பொத்திச் சிரிப்பார்கள். தற்காலிக வேலைதான். பெரிய டாக்டர் கடிதம் கொடுத்தால் நிரந்தரமாகும் என்று பொறுத்துக்கொண்டேன்.

மலைச்சனங்கள் புண்ணுக்கு வைக்கும் மூலிகைகள் கிருமியைக் கொல்கின்றனவா என்று அந்த டாக்டர் சோதித்துக்கொண்டிருந்தார். மூலிகையை வேகவைத்து வடிகட்டுவோம். அந்தச் சாற்றில் நனைத்த பொட்டளவு தாளை, சீழ்க்கிருமி பூசிய கண்ணாடித் தட்டில் வைப்போம். மருந்து வேலை செய்தால் மறுநாள் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். எந்த இலைக்கும் வட்டம் விழவில்லை. "பாத்தியாம்மா, அத்தனையும் மூடநம்பிக்கை" என்பார். அதை அவர் சந்தோஷமாகச் சொன்னதுதான் எனக்கு எரிச்சல்.

பூண்டையும் பார்க்கலாம் என்று நான்தான் வாயை விட்டேன். காலில் மண்வெட்டி பட்டால் அப்பா பூண்டை நசுக்கித்தான் வைத்துக் கட்டுவார். எங்கள் வயல் பூண்டைக் கொண்டுவந்து நானே வேகவைத்தேன். வட்டம் இல்லை. 'பூண்டு: பலன் இல்லை' என்று டாக்டர் நோட்டில் எழுதினார். சோதித்தவள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் போடுகிறேன் என்று நழுவிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நான் தங்கியிருந்த நாயுடுபுரத்து அறையில் ரசத்துக்குப் பூண்டு தட்டினேன். விரலில் இருந்த கீறலில் சாறு பட்டு எரிந்து உயிர் போனது. ரசத்தில் வெந்த பூண்டோ நாக்கில்கூட உறைக்கவில்லை. அப்பா என்றைக்கு வேகவைத்துக் கட்டினார்? எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் யாரையும் கேட்கவில்லை. ஒரு பூண்டுப் பல்லை ஸ்பிரிட்டில் நனைத்து, தீயில் காட்டிய கத்தியால் உரித்து, பச்சையாகவே நசுக்கித் தட்டில் வைத்தேன். அதற்கடுத்த நாள் பார்த்தால் ரூபாய்க் காசைவிட அகலமாக வட்டம். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒன்ன யாரும்மா தட்டத் தொடச் சொன்னது? வேகவைக்காதது சுத்தமில்ல. இது ரிசல்ட்டே கெடையாது. முந்தாநாள் எழுதுனதுல கையெழுத்தப் போடு."

பேனாவை வாங்கி, 'பூண்டு' என்பதற்கு முன்னால் 'வேகவைத்த' என்று எழுதினேன். அவர் அதைக் கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே மறுபடியும் எழுதினேன். அதையும் அடித்தார்.

"ஒனக்கு வேல வேணுமா, வேணாமா?"

"வேணுங்க சார். அந்த வார்த்தையும் வேணுங்க. அது இல்லாமப் போட்டா நான் பொய்க் கையெழுத்துல்ல போட்டதா ஆகும்?"

ஓரத்தில் மூன்றாம் முறையாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். பயமும் இருந்தது, ஆனால் கோபம்தான் அதிகம்.

கடிதம் வரவில்லை. மாதக் கடைசியில் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். சாவியை ஒப்படைக்கப் போனபோது கூடத்தில் ஆள் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை எழுதியதை அவர் அடிக்கவில்லை.