பாதியாக்கும் கை

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'பாதி'. மென்பொருள் திட்டங்களுக்குக் கால அட்டவணை போடுவது அவர் வேலை. யார் எத்தனை வாரம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்கிவிடுவார். கேட்பவர்களும் லேசுப்பட்டவர்களா என்ன? தேவையைப்போல இரண்டு மடங்கு கேட்பார்கள். அது அவருக்கும் தெரியும். இந்தக் கண்ணாமூச்சியில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலும் இதே கதைதான். "இருபது நிமிஷம்னு சொன்னாத்தானே பத்தாவது கிடைக்குது" என்பாள் மனைவி, தலைவாரிக்கொண்டே.

ஒரு சலவைக் கம்பெனிக்கு மென்பொருள் செய்ய வேண்டியிருந்தது. பல கடைகளில் வாங்கும் அழுக்குத் துணி ஒரே கூடத்தில் வெளுக்கப்பட்டு உரியவர் வீட்டுக்கே திரும்ப வேண்டும். அந்த வேலை, புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் போனது.

"எவ்வளவும்மா ஆகும்?"

"எட்டு வாரம் சார்."

"நாலு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் குனிந்து சிரித்தார்கள். "பார்க்கறேன் சார்" என்றாள்.

சொன்ன தேதியில் கொடுத்துவிட்டாள். சோதித்துப் பார்க்கத்தான் நேரமில்லை. முதல் நாளே துணியெல்லாம் வீடு மாறியது. வக்கீலின் கறுப்புக் கோட்டுக்குப் பதில் யாரோ ஒரு குழந்தையின் நீச்சலுடை போய் நின்றது. சலவை முதலாளி போனில் காய்ச்சி எடுத்தார். அந்தச் சூட்டை 'பாதி' அப்படியே அவள்மேல் கொட்டினார், எல்லார் முன்னாலும்: "முடியாதுன்னா அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

மறுநாள் அவள் ராஜினாமா கொடுத்தாள். மூத்த புரோகிராமர்தான் மெல்ல வந்து சொன்னார்.

"புதுப் பொண்ணு சார். நம்ம வழக்கம் தெரியாது. உள்ளதைச் சொல்லிட்டா."

"அப்பவே சொல்றதுக்கென்னய்யா?"

"சொன்னா எங்க குட்டு உடைஞ்சிடுமே சார்."

'பாதி' லிஃப்ட் வாசலுக்கு ஓடினார். "இரும்மா. எட்டு வாரமே எடுத்துக்க. சலவை முதலாளிகிட்ட நான் பேசறேன்."

"ஏன் எட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்." குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் போனபின் வேலை இன்னொருவனுக்கு வந்தது. அவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "குறைக்க மாட்டேன்ப்பா. சத்தியமா. உண்மையில எவ்வளவு ஆகும்?"

அவன் அவர் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தான். நம்பலாமா என்று எடைபோடும் பார்வை.

"பதினாறு வாரம் சார்."

அதை எழுதவும் அவருக்கு மனம் வரவில்லை, பாதியாக்கவும் கை வரவில்லை.